கெட்டில்பெல் ஸ்விங்: எடை கூடியதும் முதுகு பிடிக்குதா? தப்பு எங்கே நடக்குது?

16 கிலோ கெட்டில்பெல்லை 20 முறை ஸ்விங் செய்யும்போது எந்தத் தொந்தரவும் இல்லை. 'இது லேசா இருக்கே' என்று 24 கிலோவுக்கு மாறுகிறார்கள். மறுநாள் காலையில் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. ஜிம்முக்குப் போகும் பலருக்கும் பழக்கமான கதைதான் இது.

பழி எப்போதும் எடை மேல்தான் விழும். உண்மையில் 24 கிலோ புதிதாக எந்தத் தப்பையும் கொண்டுவருவதில்லை. 16 கிலோவிலேயே இருந்த தப்பைத் தோள்பட்டை எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தது. எடை கூடியதும் தோளால் முடியவில்லை. அந்த வேலை கீழ்முதுகின் தலையில் விழுகிறது.

ஒரே தாவலில் 50 சதவீதம்

கெட்டில்பெல் ரஷ்யாவிலிருந்து வந்தது. அங்கே இதற்கு 'கிர்யா' என்று பெயர். 'பூட்' என்ற பழைய ரஷ்ய அளவில் இதைச் செய்தார்கள். ஒரு பூட் சுமார் 16.4 கிலோ. ஒரு பூட், ஒன்றரை பூட், இரண்டு பூட் என்ற அந்தக் கணக்குதான் இன்றைக்கும் 16, 24, 32 என்று கடைகளில் கிடைக்கிறது.

டம்பெல்லில் 10 கிலோவிலிருந்து 12.5 கிலோவுக்குப் போவது மாதிரி இல்லை இது. 16-லிருந்து 24 என்றால் எடை பாதி கூடிவிடுகிறது. நடுவில் 20 கிலோ கிடைத்தால் கண்டிப்பாக அதில் சில வாரங்கள் இருங்கள்.

கை வெறும் கயிறுதான்

ஸ்விங் பார்ப்பதற்குக் கையால் தூக்குவது போலத் தெரியும். ஆனால் எடையைத் தூக்கிவிடுவது இடுப்பு. ஊஞ்சலில் குழந்தையை ஆட்டுவதை நினைத்துப் பாருங்கள். சங்கிலி எதையும் தள்ளுவதில்லை. பின்னால் வந்து திரும்புகிற அந்த நொடியில் நாம் கொடுக்கும் ஒரு தள்ளு போதும். இங்கே சங்கிலி உங்கள் கை, தள்ளு உங்கள் இடுப்பு.

அடுத்த குழப்பம், ஸ்விங்கை ஸ்குவாட் மாதிரி செய்வது. முழங்கால் நிறைய மடங்கி, உட்கார்ந்து எழுகிறார்கள். வேண்டியது அது இல்லை. கை நிறையப் பையோடு கார் கதவைப் பின்பக்கத்தால் தள்ளி மூடுவோமே, அந்த அசைவுதான். பின்பக்கம் பின்னால் போகும், முழங்கால் கொஞ்சம் மட்டும் மடங்கும், முதுகு நேராக இருக்கும்.

சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு பாத நீளம் தள்ளி நில்லுங்கள். கையில் எதுவும் இல்லாமல், பின்பக்கத்தால் சுவரைத் தொட்டுவிட்டு நிமிருங்கள். பத்து முறை செய்தாலே தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரியும். தெரியவில்லை என்றால் 24 கிலோவைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம்.

முதுகுக்கு இது வேற மாதிரி சுமை

கனடாவைச் சேர்ந்த முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில், 16 கிலோ கெட்டில்பெல்லை வைத்துச் செய்த ஆய்வு 2012-ல் வெளியானது. வழக்கமாகப் பாரம் தூக்கும்போது கீழ்முதுகு எலும்புகளை விசை எந்தப் பக்கம் தள்ளுமோ, ஸ்விங்கில் அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளுகிறது என்பது அதில் தெரிந்தது. சிலருக்கு ஸ்விங் முதுகுக்கு இதமாக இருப்பதும், கனமான எடையைச் சாதாரணமாகத் தூக்குகிறவர்களுக்கே சில சமயம் ஒத்துக்கொள்ளாமல் போவதும் இதனால் இருக்கலாம்.

ஆக, 'டெட்லிஃப்ட்டே 100 கிலோ போடறேன், 32 கிலோ என்ன செய்யும்' என்ற கணக்கு இங்கே செல்லாது. டிஸ்க் பிரச்சனை, காலுக்கு இறங்கும் நரம்பு வலி, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் எடை கூட்டக் கூடாது.

போனில் வீடியோ எடுங்க

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே செய்வதை விட இது நல்லது. கண்ணாடியில் முன்பக்கம்தான் தெரியும், தலையும் தேவையில்லாமல் நிமிரும். போனைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வைத்து ஸ்லோ மோஷனில் ஐந்து ஸ்விங் எடுங்கள்.

முதலில் எடை கீழே இறங்கும் நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் தப்பு இங்கேதான். எடை நெஞ்சு உயரத்திலிருந்து கிளம்பியதுமே கூடவே குனிந்துவிடுகிறோம். அப்படிக் குனிந்தால் எடை முழங்காலுக்குக் கீழே போய், முதுகைத் தரையை நோக்கி இழுக்கும். 16 கிலோவில் இந்த இழுப்பு தெரியாது, 24-ல் நன்றாகவே தெரியும். நிமிர்ந்தபடியே காத்திருங்கள். மேல்கை விலாவைத் தொட்டு, முன்கை அடிவயிற்றுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் இடுப்பு பின்னால் போக வேண்டும். வீடியோவில் கைப்பிடி எப்போதும் முழங்காலுக்கு மேலேயே, தொடை இடுக்கை ஒட்டிப் போக வேண்டும்.

அடுத்து உச்சி. அங்கே காது, தோள், இடுப்பு, குதிகால் ஒரே கோட்டில் இருக்கணும். பிட்டத் தசை இறுகியிருக்கணும். வயிறு முன்னால் தள்ளி முதுகு பின்னால் வளைந்திருந்தால், இடுப்பு செய்யாத மிச்ச வேலையை முதுகு செய்கிறது என்று அர்த்தம்.

உயரம் பற்றிக் கவலையே வேண்டாம். 16 கிலோ நெஞ்சு வரை போனது என்பதற்காக 24 கிலோவும் போகணும்னு கட்டாயம் இல்லை. தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே நின்றாலும் போதும். 'மேலே போகலையே' என்று தோளால் இழுத்தால் பழைய தப்புக்கே திரும்பிவிடுவோம்.

பாதத்தையும் ஒரு தடவை பாருங்கள். முன்னால் போகும் கனமான எடை உங்களையும் சேர்த்து இழுக்கும். குதிகால் தூக்குகிறது என்றால் எடை அதிகம், அல்லது ஷூ சரியில்லை. மெத்தென்ற ரன்னிங் ஷூ இதற்கு ஆகாது. வெறுங்கால் அல்லது தட்டையான ஷூ நல்லது.

எப்போ மாறலாம், எப்படி மாறலாம்?

இப்போதைய எடையில் பத்து ஸ்விங் வீதம் பத்து செட் செய்து, கடைசி செட்டின் வீடியோவும் முதல் செட்டின் வீடியோவும் ஒரே மாதிரி இருந்தால் மாறலாம். ஆனால் ஒரேயடியாக வேண்டாம்.

பத்தில் இரண்டு செட் மட்டும் புது எடை. அதிலும் பத்து வேண்டாம், ஐந்து போதும், இரண்டு கையாலும் பிடித்து. மீதி எட்டு செட் பழைய எடையில். நன்றாகப் போனால் வாரத்துக்கு ஒரு செட் கூட்டலாம். இது மெதுவாகத்தான் இருக்கும், இரண்டு மாதம் கூட ஆகலாம். முதல் சில நாட்கள் ஒவ்வொரு ஸ்விங்குக்கும் எடையைத் தரையில் வைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பது இன்னும் பாதுகாப்பு. களைப்பில் தப்பு தொடர்ந்து ஓடாது.

மூச்சை அடக்கிக்கொண்டே செய்யாதீர்கள். எடை இறங்கும்போது மூக்கால் இழுத்து, இடுப்பு நிமிரும்போது 'ஸ்ஸ்' என்று சட்டென விட வேண்டும்.

மறுநாள் வலி எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். தொடையின் பின்பக்கமும் பிட்டமும் வலித்தால் சரியான இடம்தான். கீழ்முதுகு பிடித்தால் பழைய எடைக்குத் திரும்புங்கள். கால் வரை வலி இறங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கடைசி ஸ்விங் முடிந்ததும் அப்படியே பக்கவாட்டில் திரும்பி, முதுகை வளைத்து 'டொம்'மென்று எடையைப் போடுகிறவர்கள் நிறைய பேர். முதுகு பிடிக்க அந்த ஒரு நொடி போதும். எடையைக் கால்களுக்கு நடுவே ஒரு முறை பின்னால் போக விட்டு, முன்னால் வரும்போது, ஆரம்பித்த அதே நிலையில், ஒரு அடி தள்ளித் தரையில் வைத்துவிட்டு நிமிருங்கள். கை வழுக்க ஆரம்பித்தால் ஐந்து முடியும் வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே வைத்துவிடலாம்.