"பெங்கால்" கப்பலின் ஊழியம்

யுத்த சரித்திரம் எழுதுவோர் பெரிய கப்பல்களின் பெயரையே பெரும்பாலும் கூறுகின்றனர். சரக்குக் கப்பல்களுக்குத் துணையாய்ச் சென்ற சிறு கப்பல்களை நினைப்பவர் எவர்? ராயல் இந்தியக் கடற்படையைச் சேர்ந்த "பெங்கால்" இத்தகையது. "மதராஸ்", "பம்பாய்", "பஞ்சாப்" ஆகியவை இதன் உடன்பிறப்புகள்.

சிட்னி நகரில் கட்டப்பெற்று 1942 ஆகஸ்டில் படையில் சேர்ந்த இக்கப்பலின் எடை சுமார் 650 டன். குறித்திருந்த நாலங்குலப் பீரங்கி கிட்டாமையால், அதனினும் சிறிய பீரங்கி ஒன்றை மாட்டிக் கடலுக்கு அனுப்பிவிட்டனர். மாலுமிகளின் உயிரில் மேலதிகாரிகளுக்கு இருந்த கவலை இவ்வளவுதான் போலும்!

அவ்வருஷம் நவம்பர் 11ந் தேதி, ப்ரீமாண்டில் துறைமுகத்திலிருந்து டீகோ கார்சியாவுக்கு "ஒண்டினா" என்னும் டச்சு எண்ணெய்க் கப்பலை அழைத்துச் செல்கையில், "ஹோக்கோக்கு மாரு", "அய்க்கோக்கு மாரு" என்ற இரு ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. ஒவ்வொன்றும் பதினாயிரம் டன்னுக்கு மேற்பட்டது. வேகமும் பீரங்கிகளும் அதிகம். "ஒண்டினா"வைத் தப்பியோடும்படி பணித்துவிட்டு, "பெங்கால்" நேரே பகைவரை நோக்கித் திரும்பிற்று. டச்சுக் கப்பலும் ஓடவில்லை. தன்னிடமிருந்த ஒற்றைப் பீரங்கியால் சுட்டது. சிறிது நேரத்தில் "ஹோக்கோக்கு மாரு" தீப்பற்றி வெடித்து மூழ்கியது.

அந்தக் குண்டு யாருடையது என்பதில் விவாதம் உண்டு. டச்சுப் பீரங்கிக்காரருடையது என்றால் அப்புகழை நாம் பறிக்க விரும்போம். எதிர்த்துத் திரும்பிய துணிவே நமக்குப் போதும்.

குண்டுகள் தீரும் நிலையில் "பெங்கால்" புகைத்திரை எழுப்பி விலகியது. அதில் ஒருவரும் மாளவில்லை. "ஒண்டினா"வுக்கோ பெருந்துன்பம். அதன் தலைவர் ஹார்ஸ்மன் மாண்டார். படகுகளில் இறங்கியவர்கள் மீதும் எதிரிகள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டனர். என்ன கொடுமை! எதிரி அகன்றபின், எஞ்சியவர்கள் கப்பலில் மீண்டும் ஏறித் தீயை அணைத்து, ஒரு வாரத்தில் ப்ரீமாண்டில் திரும்பினர்.

"பெங்கால்" கப்பலின் தளபதி வில்சன் என்பவர். பீரங்கியருகில் நின்ற மாலுமிகளோ நம்மவர். அவர்கள் தீரத்தை அரசாங்கம் மெச்சியது. ஆனால் நாலு வருஷம் நிறையுமுன், 1946 பிப்ரவரி 18ந் தேதி, அதே கடற்படையின் மாலுமிகள் பம்பாய் "தல்வார்" நிலையத்தில் வேலைநிறுத்தம் தொடங்கினர். கெட்ட சோறு, குறைந்த சம்பளம், அதிகாரிகளின் ஏச்சு ஆகியவையே அவர்களுடைய குறைகள். சண்டையில் வீரர் என்றவர்களைச் சாப்பாட்டில் மனிதராகவும் மதிக்கவில்லை என்பதே அதன் பொருள். இதனைக் கலகமென்று ஏசியவர்கள் "பெங்கால்" கதையை மறந்தனரோ, அறியோம்.

சுதந்திரத்திற்குப் பின்னும் அக்கப்பல் நமது கடற்படையிலேயே ஊழியம் செய்து, 1960இல் உடைக்கப்பட்டது.