சர்ப்பகந்தி வேரும் குருதிக் குழாயும்

பாமன்கடைச் சந்தியில் இரத்த அமுக்கத்துக்குக் குளிசை வாங்க நிற்போரிடம், அவ்வமுக்கத்தை உயர்த்துவது யாதென வினவினால், உப்பென்பர் சிலர், கவலையென்பர் பலர். பின்னவர் கூற்றும் முற்றிலும் பிழையன்று.

நுண்ணாடிகளின் சுவரைத் தசை வளையமாய்ச் சூழ்ந்துள்ளது. அத்தசையை ஆள்பவை பரிவு நரம்புகள். மூளையின் அடியிலுள்ள முகுளத்திலிருந்து இந்நரம்புகளின் வழியே ஆணை இடையறாது செல்வதால், அத்தசை எப்போதும் சிறிது இறுகியே நிற்கும். அச்சமும் சினமும் அவ்விறுக்கத்தை மிகுவிக்கும். 1851ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்துக் குளோட் பேர்ணாட் ஒரு முயலின் கழுத்தில் இந்நரம்பை அறுத்தார். அப்பக்கத்துக் காது சிவந்து சூடேறிற்று. மறுவருடம், அறுபட்ட நரம்பை மின்னால் தூண்டியபோது காது வெளிறியது. இறுக்கம் சிறிதாயினும் விளைவு பெரிது: குழாயின் ஆரை பாதியாகக் குறையின், குருதியோட்டத்துக்குத் தடை 16 மடங்காகும்.

நரம்பு தசையைப் பிடித்திழுப்பதில்லை. தன் நுனியிலிருந்து நோரதிரனலின் என்னும் பொருளைச் சிந்தியே அதனை இறுக்குகிறது. சுவீடன் அறிஞர் வொன் ஒயிலர் இதனை 1946இல் கண்டறிந்தார்.

இனிச் சர்ப்பகந்தி. சிங்கள வைத்தியர் ‘ஏகவேரிய’ என்னும் இவ்வேரை நம் நாட்டு வைத்தியர் பாம்புக்கடிக்கும் பித்துக்கும் கொடுத்து வந்தனர். அது இரத்த அமுக்கத்தைத் தணிக்குமெனக் கல்கத்தாவில் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போசும் 1931இல் எழுதினர், மேனாட்டார் செவிசாய்த்திலர். 1949இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல், தம் நோயாளரிடம் கண்ட பயனைப் பிரித்தானிய இருதய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்ட பின்னரே அதன் கீர்த்தி கடல்கடந்தது. 1952இல் சுவிற்சலாந்தின் சீபா நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்ப்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர்.

நரம்பு நுனியிலுள்ள நுண்பைகளில் நோரதிரனலின் நிரம்பாதவாறு ரெசர்ப்பின் தடுக்கிறது. ஆணை வந்தும் கொடுக்கச் சரக்கில்லை; தசை தளர்கிறது. ஆயின் மூளையிலும் இத்தகைய சேமிப்புகள் உண்டன்றோ! நோயாளர் சிலரிடம் கடும் மனச்சோர்வு காணப்பட்டதாலும் வேறு மருந்துகள் வந்தமையாலும் அதன் வழக்கு அருகிற்று.

‘மூலிகைதானே’ என்று வேர்ப்பொடியையும் குளிசையோடு சேர்த்து விழுங்குவோர் ஒன்றறிதல் வேண்டும். நாம் எழுந்து நிற்கும்போது ஏறக்குறைய அரை லீற்றர் குருதி உடலின் கீழ்ப்பகுதிக்கு இறங்குகிறது. கழுத்து நாடியிலுள்ள உணர்நரம்புகள் இதனை முகுளத்துக்கு அறிவிக்க, சில நொடிகளுள் குழாய்கள் இறுகுகின்றன. நரம்பு நுனியில் சரக்கு வற்றியவருக்கு அவ்விறுக்கம் போதிய அளவு வாராது. கண் இருளும், கால் தள்ளாடும். இரவிலே எழும் முதியவர் கட்டிலின் ஓரத்தில் சற்றே அமர்ந்து, பின் எழவேண்டுமென்று வைத்தியர் கூறுவது இதன்பொருட்டே.