நாய் கடித்ததால் ஒரு கால்பந்து கிளப் தப்பியது தெரியுமா?

இங்கிலாந்து கால்பந்து என்றதும் லிவர்பூல், ஆர்சனல், மான்செஸ்டர் யுனைடெட் என்று கடகடவெனப் பெயர்களை அடுக்குவோம். ஆனால் அவையெல்லாம் உச்சிப் படி மட்டும்தான்! அதற்குக் கீழே எத்தனை படிகள் இருக்கின்றன தெரியுமா?

முதல் படி பிரீமியர் லீக். 20 கிளப்புகள். அடுத்த மூன்று படிகளிலும் படிக்கு 24 கிளப்புகள். ஆக மொத்தம் 92! இந்த 92 கிளப்புகளின் மைதானங்களுக்கும் நேரில் போய் ஆட்டம் பார்த்து முடித்தவர்களுக்கென்றே அங்கே ஒரு சங்கம் நடக்கிறது!

ஐந்தாம் படியில் ஒரே டிவிஷன். ஆறில் 2. ஏழில் 4. எட்டில் 8. ஒன்பதில் 16. அப்படியானால் பத்தில் 32 தானே? இல்லை, 17! முதல் பத்துப் படிகளுக்குள்ளேயே 52 டிவிஷன்கள்! அதற்கும் கீழே மாவட்ட லீக்குகள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற லீக்குகள்... இந்த அடுக்கு முழுவதையும்தான் 'பிரமிடு' என்கிறார்கள்.

விதி என்னவோ ஒன்றே ஒன்றுதான். ஜெயித்தால் ஏறலாம். கடைசியில் வந்தால் இறங்க வேண்டும். எவ்வளவு பெரிய கிளப்பாக இருந்தாலும் சரி! மான்செஸ்டர் யுனைடெட்டே 1974இல் இரண்டாம் படிக்கு இறங்கியது! மான்செஸ்டர் சிட்டி 1998இல் மூன்றாம் படிக்கே போய்விட்டது! அதே சிட்டிதான் 2023இல் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. நம்ப முடிகிறதா?

வடக்கு டிவிஷன், தெற்கு டிவிஷன் என்று பிரியும் படிகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. எல்லைக்கோடு நிலையானது அல்ல! ஒவ்வோர் ஆண்டும் எந்தெந்த ஊர் அணிகள் வந்து சேர்கின்றன என்று பார்த்துக் கோட்டை நகர்த்துவார்கள். நாட்டின் நடுவில் இருக்கும் கிளப் இந்த வருஷம் தெற்கு, அடுத்த வருஷம் வடக்கு!

2025இல் தென்மேற்கு மூலையிலிருக்கும் ட்ரூரோ சிட்டி ஐந்தாம் படிக்கு ஏறியது. அந்தப் படியில் வடக்கு, தெற்குப் பிரிவு கிடையாது. வடக்கே கேட்ஸ்ஹெட் அணியோடு ஆட வேண்டுமென்றால் போக மட்டும் சுமார் 700 கிலோமீட்டர்! சென்னையிலிருந்து கன்னியாகுமரி போகிற தூரம். ஒரு லீக் ஆட்டத்துக்கு!

சரி, நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் நடுவே கிட்டத்தட்ட நூறு வருஷம் கதவே இல்லை என்பது தெரியுமா? மேல் படிகளையெல்லாம் அப்போது நடத்தியது 1888இல் 12 கிளப்புகளோடு தொடங்கிய ஃபுட்பால் லீக். அதில் கடைசியில் வந்தவர்கள் தானாக வெளியேற மாட்டார்கள். மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பிப்பார்கள். வாக்களிப்பது யார்? சக கிளப்புகள்! ஹார்ட்ல்பூல் 14 முறை இப்படி விண்ணப்பித்தது. எத்தனை முறை தப்பித்தது? 14 முறையும்!

1986-87 சீசனில்தான் அந்தக் கதவு திறந்தது. நான்காம் படியில் கடைசி இடம் பிடித்தால் நேரே வெளியே! முதல் வருஷமே என்ன நடந்தது தெரியுமா?

1987 மே 9. கடைசி நாள். லீக்கைத் தொடங்கிய 12 கிளப்புகளில் ஒன்றான பர்ன்லியே விழும் நிலையில் நின்றது! அது எப்படியோ ஜெயித்துத் தப்பித்தது. இன்னொரு பக்கம் டார்க்கி யுனைடெட், க்ரூ அணியிடம் 1-2 எனப் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. டார்க்கியின் ஜிம் மெக்நிக்கல் பந்தைத் துரத்திக்கொண்டு எல்லைக்கோட்டின் பக்கம் ஓடினார். அங்கே காவலுக்கு நின்றது பிரின் என்ற போலீஸ் நாய். தன்னோடு இருந்த போலீஸ்காரரைத்தான் இவர் தாக்க வருகிறார் என்று நினைத்ததோ என்னவோ, பாய்ந்து தொடையைக் கவ்விவிட்டது!

ரத்தம், கட்டு, களேபரம். வீணான நேரத்தை ஈடுகட்ட நடுவர் கூடுதல் நிமிடங்கள் கொடுத்தார். அந்தக் கூடுதல் நேரத்தில்தான் பால் டாப்சன் சமன் கோலை அடித்தார்! 2-2! கோல் வித்தியாசத்தில் டார்க்கி தப்பியது. தானாகக் கீழே தள்ளப்பட்ட முதல் கிளப் என்ற பெயர் லிங்கன் சிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு நாய்க் கடி ஒரு கிளப்பின் தலைவிதியையே மாற்றியது! (லிங்கன் அடுத்த வருஷமே திரும்பி வந்துவிட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

அதே கதவு வழியாக முதல் ஆளாக உள்ளே ஏறி வந்தது ஸ்கார்பரோ. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்!

ஏனென்றால் 12 வருஷம் கழித்து, 1999 மே 8. கடைசி இடத்திலிருந்து தப்பிக்க கார்லைலும் ஸ்கார்பரோவும் மல்லுக்கட்டின. ஸ்கார்பரோவின் ஆட்டம் டிராவில் முடிந்தது. பிழைத்துவிட்டோம் என்று அதன் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் கொண்டாடவே தொடங்கிவிட்டார்கள்! கார்லைலில் மட்டும் இன்னும் சில விநாடிகள் பாக்கி. பிளிமத் அணியோடு 1-1. டிரா ஆனால் கார்லைல் காலி. ஒரு கார்னர் கிடைத்தது. கோல் கீப்பர் ஜிம்மி கிளாஸ் தன் கோல் கம்பத்தை அப்படியே விட்டுவிட்டு எதிரணியின் பெட்டிக்குள் ஓடி வந்தார். தலையால் முட்டிய பந்தை எதிரணிக் கீப்பர் தட்டிவிட, அது வந்து விழுந்தது எங்கே? ஜிம்மி கிளாஸின் காலடியில்! ஓங்கி ஓர் உதை! 95ஆம் நிமிடத்தில் கோல்!

இதில் வாயைப் பிளக்க வைப்பது என்ன தெரியுமா? கிளாஸ் கார்லைலின் சொந்த ஆட்டக்காரரே இல்லை. வேறு கிளப்பிலிருந்து கடனாக வந்தவர். கார்லைலுக்காக அவர் ஆடியதே மொத்தம் 3 ஆட்டங்கள்!

ஸ்கார்பரோ? திறந்த கதவில் முதலில் ஏறிய கிளப், அதே கதவு வழியாக இறங்கியது. 2007இல் அந்தக் கிளப்பே கலைக்கப்பட்டது.

இதற்கே அசந்துவிட்டால் எப்படி? 1962இல் பணம் தீர்ந்துபோய் அக்ரிங்டன் ஸ்டான்லி லீக்கை விட்டு விலகியது. காலி இடத்துக்கு ஆக்ஸ்போர்டு யுனைடெட்டைச் சேர்த்தார்கள். புதிதாகத் தொடங்கப்பட்ட அக்ரிங்டன் படிப்படியாக ஏறி 44 வருஷம் கழித்து, 2006இல் லீக்குக்குள் நுழைந்தது. அதே ஆண்டு இடம் இழந்து வெளியேறிய கிளப்புகளில் ஒன்று எது? ஆக்ஸ்போர்டு!

கிளப்பையே வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனால் ரசிகர்கள் என்ன செய்வார்கள்? விம்பிள்டன் ரசிகர்கள் புதுக் கிளப்பே தொடங்கிவிட்டார்கள்! 1988இல் லிவர்பூலை வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணி அது. அதை மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற 2002இல் அனுமதி கிடைத்தது. அந்தக் கோடையிலேயே விம்பிள்டனில் ஒரு பொதுத் திடலில் ஆள் தேர்வு நடத்தினார்கள். விரும்புகிற யாரும் வரலாம்! 200 பேருக்கு மேல் வந்தார்கள். அடிமட்ட லீக் ஒன்றில் ஆடத் தொடங்கிய ஏ.எஃப்.சி. விம்பிள்டன், வழியில் 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணவில்லை! 9 சீசனில் 5 முறை ஏறி, 2011இல் நான்காம் படியைத் தொட்டது. 2018இல்? மில்டன் கீன்ஸ் அணி நான்காம் படிக்கு விழ, ரசிகர்களின் கிளப் மூன்றாம் படியில் நின்றது! எனக்கு இந்தப் பிரமிடிலேயே மிகவும் பிடித்த ஏற்றம் இதுதான்.

2011இல் அந்த ஏற்றத்தை முடிவுசெய்த இறுதி ஆட்டத்தில் விம்பிள்டனிடம் பெனால்டியில் தோற்றது யார் தெரியுமா? லூட்டன் டவுன்! அப்போது ஐந்தாம் படியில் தவித்த லூட்டன் 2023இல் எங்கே இருந்தது? பிரீமியர் லீக்கில்! அதன் பழைய மைதானத்தில் வெளியூர் ரசிகர்களுக்கான வாசல், வரிசை வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. மேலே வீடு, கீழே நுழைவாயில்! படியேறும்போது அக்கம்பக்கத்து வீடுகளின் கொல்லைப்புறம் தெரியும். அந்த வாசல் வழியாகத்தான் பிரீமியர் லீக் ரசிகர்கள் வந்து போனார்கள்! பிறகு? 2024இல் ஒரு படி, 2025இல் இன்னொரு படி என்று கீழே இறங்கிவிட்டது.

ஆட்டக்காரர்களும் ஏறுகிறார்கள்! தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே எட்டாம் படியில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடியவர் ஜேமி வார்டி. 2016இல் லெஸ்டர் சிட்டியோடு பிரீமியர் லீக் சாம்பியன்!

இந்தப் பிரமிடில் ஒரு தமிழரும் இருக்கிறார்! வேல்ஸில் வளர்ந்த ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விமல் யோகநாதன், மூன்றாம் படியில் இருக்கும் பார்ன்ஸ்லி கிளப்பின் நடுக்கள வீரர். தெரியுமா?

உலகின் மிகப் பழைய கால்பந்து கிளப் எது? 1857இல் பிறந்த ஷெஃபீல்டு எஃப்.சி.! ஃபிஃபா தன் நூற்றாண்டின்போது இரண்டே இரண்டு கிளப்புகளுக்குச் சிறப்பு விருது கொடுத்தது. ஒன்று ரியல் மாட்ரிட். மற்றது இது! அந்த விருதோடு அது ஆடுவதெல்லாம் சின்னச் சின்ன மைதானங்களில்தான்.

பிரமிடுக்கு வெளியே சில்லித் தீவுகளில் ஒரு லீக் உண்டு. எத்தனை கிளப்? இரண்டே இரண்டு! சீசன் முழுக்க ஒரே மைதானத்தில் அதே இரண்டு அணிகள் திரும்பத் திரும்ப மோதும்!

கடைசியாக ஒரு கணக்கு. 2023இல் ஐந்தாம் படியில் ரெக்ஸம் 111 புள்ளிகள் எடுத்தது. நாட்ஸ் கவுன்ட்டி 107! 107 புள்ளி எடுத்தும் நேரடியாக மேலே போக முடியவில்லை. ஏனென்றால் நேரடி இடம் ஒன்றே ஒன்று! அடுத்தடுத்த இடங்களில் வந்த அணிகளோடு பிளே-ஆஃபில் மல்லுக்கட்டி, இறுதி ஆட்டத்தில் பெனால்டி வரை போய்த்தான் மேலே ஏறியது. இன்னொன்று தெரியுமா? மேல் மூன்று படிகளுக்கு நடுவே மூன்று கிளப்புகள் ஏறி இறங்கும்போது, இங்கே மட்டும் இரண்டு! மூன்றாக்குங்கள் என்று ஐந்தாம் படிக் கிளப்புகள் கேட்கின்றன. ஆக்கத்தான் வேண்டும்!