பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம்

வெம்பாக்கம் வட்டாரத்தில் பட்டுத் தறி ஓடும் வீட்டுக்கும் இப்போது கூரையோரமாக ஒரு மெல்லிய கறுப்பு ஒயர் இறங்கி வருகிறது. சேலை தறியில் இருக்கும்போதே படமெடுத்துக் காஞ்சிபுரத்துக் கடைக்கோ ஆரணி முதலாளிக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்ப அதுதான் வழி. ஒயருக்குள் செம்பு கிடையாது, கண்ணாடி இழை. இணையப் பெட்டியில் 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தால் வீட்டார் பெட்டியை அணைத்துப் போடுகிறார்கள். ஒயர் அறுந்துவிட்டதோ என்று மொட்டைமாடி ஏறுகிறார்கள். பல நேரம் கோளாறு இரண்டிலும் இருக்காது. பெட்டிக்குப் பின்னால் செருகியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் கனெக்டரில் இருக்கும்.

அதற்கு வேலை ஒன்றே ஒன்று: ஓர் இழையின் முனையை இன்னொரு இழையின் முனைக்கு நேராகப் பிடித்து, இரண்டும் தொடும்படி வைத்திருப்பது. இழையின் மொத்தத் தடிமன் 125 மைக்ரான். 'சிங்கிள் மோடு' எனப்படும் இந்த வகையில் ஒளி ஓடும் நடுப்பகுதியோ சுமார் 9 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் எட்டில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். இரண்டு நடுப்பகுதிகளும் மைக்ரான் கணக்கில் நேராக நிற்கவேண்டும். அதனால்தான் கனெக்டரின் மூக்கில், இழை நுழையும் துளையுடன் வெள்ளை நிறப் பீங்கான் குழல் ஒன்று இருக்கிறது. இதற்கு ஃபெரூல் என்று பெயர். வெளியே தெரியும் பிளாஸ்டிக் அதைத் தாங்கும் கூடு மட்டுமே.

கூட்டின் வடிவத்தை வைத்துத்தான் கனெக்டர்களுக்குப் பெயர். சதுரமாக, தள்ளினால் 'டக்' என்று உட்காருவது எஸ்.சி.; ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் உருவாக்கியது, நம் வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். அமெரிக்காவின் லூசென்ட் கொண்டுவந்த எல்.சி. இதில் பாதி அளவு, எஸ்.சி.யின் ஃபெரூல் 2.5 மில்லிமீட்டர், இதற்கு 1.25. மரை திருகிப் பூட்டும் எப்.சி., அழுத்தித் திருப்பும் எஸ்.டி. இரண்டையும் பழைய கருவிகளில் பார்க்கலாம். வடிவத்தில் தவறு செய்வது கடினம். பொருந்தாதது உள்ளேயே போகாது.

தவறு நடப்பது நிறத்தில். எஸ்.சி. கனெக்டர் நீலத்திலும் உண்டு, பச்சையிலும் உண்டு. பச்சையை நீலப் பொருத்தியில் செருகினால் தாராளமாகப் போய் உட்காரும், பூட்டிக்கொள்ளவும் செய்யும். ஆனால் நிறம் அழகுக்கு வைத்ததல்ல. நீலம் என்றால் ஃபெரூலின் முகம் ஏறக்குறைய நேராகத் தீட்டப்பட்டது, யு.பி.சி. பச்சை என்றால் 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது, ஏ.பி.சி. நேர் முகமும் சாய்ந்த முகமும் ஒட்டாது. நடுவில் காற்று இடைவெளி விழும். பாதிக்கு மேல் ஒளி அங்கேயே வீணாகலாம், பீங்கான் முனையும் கீறல்படலாம். இணைப்பு உடனே செத்துவிட்டால்கூடப் பரவாயில்லை. அரைகுறையாக ஓடிக்கொண்டே இருந்து, ஆளைக் குழப்பும்.

சாய்வு எதற்கு? இரு கண்ணாடிகள் சந்திக்கும் இடத்தில் கொஞ்சம் ஒளி திரும்பி வரும். நீலத்தில் திரும்புவது லட்சத்தில் ஒரு பங்கு அளவு. பச்சையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஏனென்றால் சாய்ந்த முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி நடுப்பகுதிக்குள் நிற்காமல் வெளியே சிதறிவிடுகிறது. இணையத்துக்கு மட்டுமென்றால் இந்த வேறுபாடு அவ்வளவு உறுத்தாது. கேபிள்காரர் அதே இழையில் 1550 நானோமீட்டர் ஒளியில் டி.வி. சேனல்களையும் அனுப்பினால், திரும்பிவரும் ஒளி படத்தைக் கெடுக்கும். அங்கே பச்சைதான் சரி.

இழப்பை டெசிபலில் அளக்கிறார்கள். 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதி. கேபிள்காரரின் அறையிலிருந்து 8 கிலோமீட்டர் தள்ளி ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இழையில் போவது சுமார் 2.8. ஒரே இழையை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் மட்டும் 17 அளவுக்கு விழுங்கும். நல்ல கனெக்டர் ஒன்றுக்கு 0.3 வீதம் நான்குக்கு 1.2. எல்லாம் சேர்த்து 21. பரவலாகப் புழங்கும் ஜிபான் முறையில் 28 வரை தாங்கும் என்பதால் கையிருப்பு 7. இரண்டு அழுக்குக் கனெக்டரும் ஒரு நிற மாறாட்டமும் போதும், அந்தக் கையிருப்பு கரைந்துவிடும். லைன்மேன் கையில் பவர் மீட்டர் இருந்தால் அளந்து காட்டச் சொல்லலாம். வீட்டு முனையில் மீட்டர் காட்டும் ஒளி அளவு மைனஸ் 27-ஐ நெருங்கினால் பெட்டி திணறத் தொடங்கும்.

ஆகவே என் கட்சி, கனெக்டர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பழைய பாவின் முனையோடு புதுப் பாவை இழைக்கு இழை பிணைப்பதுபோல, இரண்டு கண்ணாடி முனைகளையும் உருக்கி ஒட்டும் ஸ்பிளைசிங் முறையில் இழப்பு 0.1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். அதற்கு விலை கூடிய இயந்திரம் வேண்டும். கையாலேயே மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டர் சீக்கிரம் முடியும், ஆனால் இழையை வெட்டியவர் கையைப் பொறுத்தது அதன் தரம்.

தறி வீட்டில் இன்னொரு சங்கடம், பட்டுத் தூசு. ஒளி ஓடும் இடமே 9 மைக்ரான் எனும்போது ஒரு பிசிறு போதும் வழியடைக்க. கழற்றிய கனெக்டரை வேட்டி நுனியால் துடைப்பதும் வாயால் ஊதுவதும் அழுக்கைக் கூட்டும். பிசிறில்லாத துடைப்புத் தாளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒரே பக்கமாகத் துடைக்கவேண்டும். கழற்றியதும் மூடியைப் போடவேண்டும். முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

வீட்டுக்காரருக்குத் தேர்வு என்று பெரிதாக இல்லை. பெட்டியின் துளை என்ன நிறமோ அதே நிறத்தில் பேட்ச் கார்ட் எனும் இணைப்பு ஒயரை வாங்கினால் முடிந்தது. யோசிக்க வேண்டியது அலுவலகங்கள்தான். 2011-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்து பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய திட்டத்தில், டான்ஃபினெட் நிறுவனம் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் பணியை ஏற்றது. இப்படி வரும் இழையை ஊராட்சி அலுவலகமோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கமோ தன் சுவிட்சில் இணைக்கும்போது, சுவிட்சின் பக்கம் பெரும்பாலும் எல்.சி. நீலமும் சுவர்ப்பெட்டியின் பக்கம் எஸ்.சி. பச்சையும் இருக்கும். கடையில் 'ஃபைபர் ஒயர்' என்று மட்டும் கேட்டால் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதைத்தான் எடுத்துத் தருவார்கள். 'சிங்கிள் மோடு, ஒரு முனை எல்.சி. யு.பி.சி., மறுமுனை எஸ்.சி. ஏ.பி.சி.' என்று எழுதிக் கொண்டுபோய்க் கேட்கவேண்டும். சுவிட்சில் செருகிய மாட்யூலில் அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என இரண்டு துளைகள் இருக்கின்றனவா, ஒன்றுதானா என்பதையும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் இரண்டாம் நடை மிச்சம்.