காயங்களோடு எழுந்தவர்

சென்னை பரங்கிமலையின் அடிவாரத்திலிருந்து உச்சிவரை நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் வெயில் தாழ்ந்ததும் ஜனங்கள் ஏறத் தொடங்குவார்கள். வழியெங்கும் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகள். ஒவ்வொன்றிலும் நின்று, முழந்தாளிட்டு, ஜெபித்துவிட்டு அடுத்ததற்கு நகர்வார்கள். முட்டி வலிக்கிற அம்மாக்கள் பக்கத்தில் இருக்கிறவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை.

மேலே கோயிலுக்குள் பீடத்தில் ஒரு கல் சிலுவை இருக்கிறது. 1547இல் போர்த்துகீசியர் அஸ்திவாரம் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. சுற்றிலும் பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து. இந்தச் சிலுவையில் இயேசுவின் உடல் இல்லை. அதன் முனைகள் மொட்டு விட்டதுபோல் விரிந்திருக்கின்றன. அதன் உச்சிக்கு மேல் ஒரு புறா இறங்குகிறது. மனிதரை வதைத்துக் கொல்லச் செய்த மரம், ஒரு சிற்பியின் கையில் துளிர்த்திருக்கிறது. கீழேயிருந்து பதினான்கு நிலைகளிலும் துக்கப்பட்டு ஏறி வந்தவர் கண்ணுக்கு, இந்தக் கல்லைப் பார்த்ததும் மீதிக் கதை புரிந்துவிடும்.

இந்த மலையில்தான் அப்போஸ்தலர் தோமா ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது இங்குள்ள கிறிஸ்தவர்களின் வழிவழி நம்பிக்கை. மயிலாப்பூர் சாந்தோம் பேராலயம் அவருடைய கல்லறைமேல் எழுந்தது என்பார்கள். அவருக்கு ‘சந்தேகத் தோமா’ என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. அது அநியாயம் என்றே எனக்கு எப்போதும் தோன்றும். ஆண்டவரைக் கண்டோம் என்று மற்றச் சீடர்கள் சொன்னபோது அவர் கேட்டது என்ன? முகத்தைப் பார்க்க வேண்டும் என்றோ, குரலைக் கேட்க வேண்டும் என்றோ கேட்கவில்லை. ஆணி பாய்ந்த கைகளைப் பார்க்க வேண்டும், குத்துண்ட விலாவில் கையை வைக்க வேண்டும் என்றார். காயமில்லாமல் ஒருவர் வந்து நின்றால் அவரைத் தன் குரு என்று ஏற்க அவர் தயாராக இல்லை. எட்டு நாள் கழித்து இயேசு வந்தார். அந்தக் காயங்களைத்தான் காட்டினார்.

சாவையே ஜெயித்தவருக்கு ஒரு தழும்பை ஆற்றிக்கொள்வது பெரிய காரியமா? ஏன் வைத்துக்கொண்டார்? கிறிஸ்தவ விசுவாசத்தின் சாரமே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தச் சாவைப் பார்க்க வேண்டும். 1968இல் எருசலேமின் வடக்குப் பகுதியில் வீடு கட்டத் தோண்டியபோது பழைய யூதக் கல்லறைகள் வெளிப்பட்டன. அங்கே கிடைத்த எலும்புப் பேழை ஒன்றில் யெகோகனான் என்ற பெயர் பொறித்திருந்தது. உள்ளே ஒரு குதிகால் எலும்பு. அதில் குறுக்கே பாய்ந்த இரும்பு ஆணி. நீளம் சுமார் 11.5 சென்டிமீட்டர். அடிக்கும்போது நுனி வளைந்துகொண்டதால் பிடுங்க முடியாமல் ஆணியோடேயே புதைத்திருக்கிறார்கள். யெகோகனான் யார், என்ன செய்தான், தெரியாது. இயேசு கொல்லப்பட்ட அதே நூற்றாண்டில், அதே ஊரில், அதே தண்டனை. நம் ஆலயங்களில் பளபளவென்று மினுக்கித் தொங்கும் சிலுவையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குதிகால் நினைவுக்கு வரும்.

ரோமர்கள் இந்தச் சாவைப் பெரும்பாலும் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும்தான் வைத்திருந்தார்கள். உயிர் போவது மட்டும் போதாது, மானமும் போக வேண்டும். போகிற வருகிறவன் பார்த்துப் பயப்பட வேண்டும். மரத்தில் தொங்கவிடப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்பது மோசேயின் சட்டம். ஆகவே கி.பி. 30ஐ ஒட்டிய அந்தப் பஸ்கா நாளில், ரோம ஆளுநர் பிலாத்துவின் உத்தரவால் இயேசு அறையப்பட்டபோது, சீடர்களுக்குத் தலைவர் மட்டும் போகவில்லை. அவரைப்பற்றி நம்பியிருந்ததெல்லாம் பொய் என்றாகிவிட்டது. ஓடிவிட்டார்கள். எம்மாவு என்ற ஊருக்கு நடந்த இருவர், அவர்தான் மீட்பார் என்று நம்பியிருந்தோமே என்று வழிப்போக்கரிடம் புலம்பினார்கள். அந்த வழிப்போக்கர் யார் என்பது அப்பம் பிட்கும்வரை அவர்களுக்குத் தெரியவில்லை.

இந்தச் சாவு நமக்காக என்று விசுவாசிகள் சொல்கிறோம். எப்படி நமக்காக? பஸ்கா ஆட்டுக்குட்டியின் ரத்தம் எகிப்தில் இஸ்ரவேலரைக் காத்ததுபோல என்பது ஒரு பதில். அடிமையை விடுவிக்கக் கொடுத்த கிரயம் என்பது இன்னொன்று. பாவத்தைப் போக்கும் பலி என்பது மூன்றாவது; அதற்குக் கிருபாதார பலி என்ற சொல் தமிழ் வேதாகமத்தில் அழகாக அமைந்துவிட்டது. பதினோராம் நூற்றாண்டின் முடிவில் கேன்டர்பரி பேராயர் ஆன்செல்ம், மனிதன் தீர்க்க முடியாத கடனைத் தேவன் மனிதனாகி வந்து தீர்த்தார் என்று வாதம் கட்டினார். ஆதித் திருச்சபையின் பொதுச் சங்கங்களோ இப்படிப்பட்ட விளக்கங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளவில்லை. ‘நமக்காக’ என்று சொல்லி விசுவாசப் பிரமாணம் நிறுத்திக்கொள்கிறது.

அது நல்லதுதான். ஏனென்றால் சில பிரசங்கங்களைக் கேட்டால் மனம் நோகிறது. கோபம் கொண்ட தகப்பன், அடிக்க யாரும் கிடைக்காமல், குற்றமில்லாத மகனை அடித்து ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டார் என்பதுபோல் பேசுகிறார்கள். பெரிய வெள்ளி மூன்று மணி ஆராதனையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுபிள்ளை அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தேவனை எப்படி நினைக்கும்? அப்போஸ்தலர் பவுல் எழுதியது அப்படி இல்லை. உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கத் தேவனே கிறிஸ்துவுக்குள் இருந்தார் என்கிறார். அடி வாங்கிய இடத்தில் தேவனே இருந்தார். அடிமை சாகும் இடம், சபிக்கப்பட்டவன் தொங்கும் இடம், தகப்பனே என்று கூப்பிட்டும் பதில் வராத இடம், அந்தக் கடைசி வரைக்கும் அவர் இறங்கி வந்தார். இனி எந்தப் பாவியும், எந்த நோயாளியும், தனியாகச் சாகிற எந்த மனிதனும் அவர் வராத இடத்துக்குப் போய்விட முடியாது. எனக்குச் சிலுவை அதுதான்.

ஆனால் அதோடு முடிந்திருந்தால் யெகோகனானைப்போல இன்னொரு ஆணி, இன்னொரு எலும்பு, அவ்வளவே. கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுலே ஒளிக்காமல் கொரிந்தியருக்கு எழுதினார். சிலுவைச் சாவு நடந்து சுமார் இருபத்தைந்து ஆண்டுக்குள் எழுதிய கடிதம் அது. நற்செய்தி நூல்களுக்கும் முந்தியது. தான் பெற்றுக்கொண்டதையே ஒப்புக்கொடுப்பதாகச் சொல்லி, உயிர்த்தவரைக் கண்டவர்களை வரிசையாகச் சொல்கிறார். அவர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே சமயத்தில் கண்டார்கள், பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்பதுபோல.

நற்செய்தி நூல்கள் சொல்லும் விதம் இன்னும் வினோதம். முதலில் கல்லறைக்குப் போனவர்கள் பெண்கள். பெண்களின் சாட்சியத்துக்கு அதிக மதிப்பில்லாத காலம்; கதை கட்டுகிறவன் அவர்களை முன்னால் நிறுத்தியிருக்க மாட்டான். மாற்குவின் மிகப் பழைய பிரதிகள், அந்தப் பெண்கள் நடுங்கி ஓடி, பயத்தால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு முடிந்துவிடுகின்றன. மகதலேனா மரியாள் இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே தெரிந்துகொண்டாள்.

தோட்டக்காரர். அதனால்தானோ என்னவோ, தமிழ்க் கிறிஸ்தவர்கள் இடுகாடு என்று சொல்வதில்லை. கல்லறைத் தோட்டம் என்கிறோம். கல்லறைகளில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று எழுதுகிறோம். தூங்குகிறவரை எழுப்ப ஒருவர் வருவார் என்ற நம்பிக்கை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இயேசு எழுப்பிய லாசருவைப்போலத் திரும்பி வந்து மறுபடி சாவதைப்பற்றிய பேச்சு இல்லை இது. சாவுக்கு இனி கையெட்டாத வாழ்வைப்பற்றியது.

அந்த வாழ்விலும் காயம் இருக்கிறது. கத்தோலிக்க ஆலயங்களில் உயிர்ப்புப் பெருவிழா இரவில், விளக்கெல்லாம் அணைத்த இருட்டில், புது நெருப்பு மூட்டிப் பாஸ்கா திரியை ஏற்றுவார்கள். ஏற்றுவதற்குமுன் திரியில் சிலுவைக் குறி கீறி, அகரமும் னகரமும், அந்த ஆண்டின் இலக்கங்களும் எழுதி, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பார் குருவானவர். அந்த ஐந்தும் இயேசுவின் ஐந்து காயங்கள். ஆலயத்தின் மற்றெல்லா மெழுகுதிரிகளும் அந்தத் திரியிலிருந்தே ஒளி வாங்கும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இலங்கையில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிக்கு வந்த தமிழ்க் குழந்தைகள். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த இயேசுவின் சுரூபம் ஒன்றின்மேல் ஜனங்களின் ரத்தம் தெறித்தது. அந்தச் சுரூபத்தைக் கண்ணாடிப் பேழைக்குள், ரத்தக் கறையோடு வைத்திருக்கிறார்கள். தோமா கேட்ட அடையாளத்தை அந்த ஊர் ஜனங்கள் அறிவார்கள்.

ஒரு வேண்டுகோளுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நம் ஊர்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் பண்டிகை இல்லை என்பார்கள். கிறிஸ்தவ வீடுகளிலும் இந்த வழக்கம் இருக்கிறது. புதுத்துணி எடுப்பதில்லை, பலகாரம் செய்வதில்லை. மற்றப் பண்டிகைகளுக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும். உயிர்த்த ஞாயிறு மட்டும் அந்த வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது. அது முதலில் அவர்களுடைய பண்டிகை. காயத்தை மூடிக்கொண்டு சிரிக்கச் சொல்லும் நாள் இல்லை அது. இந்த வருஷம் விடியற்கால ஆராதனை முடிந்ததும் உங்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால், உங்கள் தெருவில் யாரையாவது அடக்கம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குப் போங்கள். கொஞ்ச நேரம் கூட இருங்கள். ஆண்டவர் உயிர்த்தெழுந்தார் என்று அங்கே சொல்லுங்கள்.