மஞ்சள் வைத்தால் இரத்தம் நிற்கும், பற்காரை போகுமா?

அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் கடைகளில் மூலிகைப் பற்பசைக்கும் பற்பொடிக்கும் பஞ்சமில்லை. கராம்பு, வேம்பு, மஞ்சள் என்று பெட்டியில் படம் போட்டிருக்கும். லயங்களில் கைவைத்தியமும் உண்டு. முரசு வீங்கினால் உப்பும் மஞ்சளும் வைத்துத் தேய்ப்பார்கள், வலித்தால் கராம்பைக் கடிப்பார்கள். இதெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. இதை மட்டும் நம்பிப் பல் டொக்டரிடம் போகாமல் இருந்துவிடுவதுதான் ஆபத்து.

முரசு நோயைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் முக்கியமான ஒரு பகுதி மலையகத் தொழிலாளரின் வாயிலிருந்து கிடைத்தது. நோர்வேயில் பிறந்த ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் 1970இல் பூண்டுலோயாப் பக்கம் டன்சினன், ஹரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். 15 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். அந்தத் தொழிலாளருக்குப் பல் சிகிச்சை எட்டியதே இல்லை, பிரஷ்ஷால் துலக்கும் வழக்கமும் இல்லை. ஏறக்குறைய எல்லோர் பல்லிலும் அழுக்கும் காரையும் படிந்திருந்தன, முரசு சிவந்து வீங்கியிருந்தது. ஆனால் முடிவு ஒன்றாக இல்லை. 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றி, 45 வயதாகும்போது வாயில் பல்லே மிஞ்சவில்லை. 81 சதவீதத்தினருக்கு மெதுவாகப் பரவியது. 11 சதவீதத்தினருக்கு முரசு வீக்கத்தோடு நின்றுவிட்டது.

ஒரே மாதிரி அழுக்கு இருந்தும் ஏன் இந்த வேறுபாடு? நோயைத் தொடங்கி வைப்பது கிருமி. பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைப்பதோ பெரும்பாலும் கிருமியை விரட்டக் கிளம்பும் நம் உடம்பின் அழற்சிதான். அழற்சியைத் தணித்தால் பல்லைக் காக்கலாம் என்ற எண்ணம் பலப்பட்டது இப்படித்தான். டொக்சிசைக்ளின் மருந்தைக் கிருமியைக் கொல்லாத சிறு அளவில், 20 மில்லிகிராமாக, காரை நீக்கும் சிகிச்சைக்குத் துணையாகக் கொடுக்க அமெரிக்கா 1998இல் அனுமதித்தது. மஞ்சளிலுள்ள குர்குமின், தேயிலையிலுள்ள கேட்டச்சின் ஆகியவற்றை இப்போது அதே வழியில் ஆராய்கிறார்கள்.

நாம் கிள்ளும் கொழுந்திலேயே மருந்து இருக்கிறது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். ஜப்பானில் 940 ஆண்களிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், பச்சைத் தேநீர் அதிகம் குடித்தவர்களுக்கு முரசு நோய் குறைவாக இருந்தது. தேநீர்தான் காரணம் என்று அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதோடு நம் பெக்டரிகளில் கொழுந்தைக் கறுப்பாக்கும்போதே கேட்டச்சினில் பெரும்பகுதி வேறு பொருளாக மாறிவிடுகிறது. சீனி போட்ட தேத்தண்ணி பல்லுக்கு நல்லதும் அல்ல. மஞ்சளின் கதையும் அப்படித்தான். இந்தியாவில் 100 பேரிடம் 21 நாள் செய்து 2011இல் வெளியான ஆய்வில், மஞ்சள் கலந்த வாய்கொப்பளிப்பு நீர் முரசு வீக்கத்தை நன்றாகவே குறைத்தது. ஆனால் அழுக்குப் படியாமல் தடுப்பதில், அதோடு ஒப்பிட்ட குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்கொப்பளிப்பு நீர்தான் முந்தியது.

இரத்தம் நிற்பதால் நோய் போய்விட்டது என்று ஆகாது. முரசுக்கு அடியில் கல்லாக இறுகிய காரையை எந்த மூலிகையும் கரைக்காது, கருவியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மேலே வீக்கம் வற்றி, கராம்பு வலியை மரக்கச் செய்திருக்கும்போதும் உள்ளே எலும்பு கரைந்துகொண்டே இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

குர்குமின் மாத்திரை சமையல் மஞ்சள் அல்ல. 2019இல் இத்தாலியில் அத்தகைய மாத்திரை எடுத்த பலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மஞ்சள் தூளிலும் கவனம் வேண்டும். 2020இல் இறக்குமதித் தடையால் விலை ஏறியபோது மாவு கலந்த மஞ்சள் நாடெங்கும் விற்றது. கலப்படம் என்று சந்தேகம் வந்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். மூலிகை வைத்தியர் என்று வருபவரிடம், ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேளுங்கள். 1961ஆம் ஆண்டின் சட்டப்படி அவர் பதிந்திருக்க வேண்டும். வெற்றிலை முரசுக்கு நல்லது என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் தரும்.

தியத்தலாவை ஆதார வைத்தியசாலை, பதுளை பெரியாஸ்பத்திரி போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பல் சிகிச்சை இலவசம். சிக்கலானவற்றுக்குப் பேராதனைப் பல் வைத்தியசாலை இருக்கிறது. ஒரு நாள் பேர் போகும் என்பது உண்மைதான். ஆனால் பல் ஆடத் தொடங்கிய பிறகு போனால் ஒரு நாளோடு முடியாது. துலக்கும்போது இரத்தம் வந்தாலே போய்க் காட்டுங்கள். அப்புத்தளை இருமொழிப் பிரதேச செயலகப் பிரிவு, தமிழில் விளக்கம் கேட்கத் தயங்க வேண்டாம்.

புதிய மூலிகை மருந்தைச் சோதித்துப் பார்க்க யாராவது தோட்டத்துக்கு வந்தால், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியையும் தமிழில் எழுதிய சம்மதப் படிவத்தையும் கேளுங்கள். பிடிக்காவிட்டால் எந்தக் கட்டத்திலும் விலகலாம். அதற்காக உங்களுக்குரிய வழமையான சிகிச்சையை யாரும் மறுக்கக் கூடாது.