ஓசி சீஸ் கொடுத்து மட்ட ஒயினைத் தள்ளும் தந்திரம்!

நாக்கு ஏமாறுவது சோதனையில் அம்பலம்

"வாங்கும்போது ஆப்பிளைக் கடி, விற்கும்போது சீஸைக் கொடு!"

இங்கிலாந்து ஒயின் வியாபாரிகள் தங்களுக்குள் வழிவழியாகச் சொல்லிவரும் தொழில் ரகசியம் இது.

ஆப்பிளைக் கடித்துவிட்டு ஒயினை வாயில் வைத்தால் சரக்கில் உள்ள குறை பளிச்சென்று தெரிந்துவிடும். சீஸைத் தின்றுவிட்டுக் குடித்தாலோ, மட்டச் சரக்குகூட "பேஷ், பேஷ்!" என்று இறங்கும். ஆசாமி பணத்தை எண்ணி வைத்துவிட்டு பாட்டிலோடு போய்விடுவார். வீட்டில் வெறும் வாயில் குடிக்கும்போதுதான் சங்கதி தெரியும்.

11 பேர் ருசி பார்த்தனர்

இது நிஜம்தானா என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். முடிவு 2006-ம் ஆண்டு வெளியானது. விவரம் வருமாறு:-

ருசி பார்ப்பதில் பயிற்சி பெற்ற 11 பேரிடம் 8 சிவப்பு ஒயின்கள் கொடுக்கப்பட்டன. திராட்சை 4 வகை. ஒவ்வொரு வகையிலும் ஒன்று உசத்தி, ஒன்று மட்டம். முதலில் வெறும் ஒயின். பிறகு 8 தினுசு சீஸுடன் அதே ஒயின்.

சீஸ் உள்ளே போனதும் ஒயினின் துவர்ப்பு, புளிப்பு, பழ வாசனை, மரப்பீப்பாய் வாசனை எல்லாம் மங்கிவிட்டன. உசத்திச் சரக்குக்கும் இதே கதிதான்! வெண்ணெய் மணம் மட்டும் தூக்கலாகத் தெரிந்தது.

சீஸின் கொழுப்பு நாக்கில் படிந்து ருசியை மறைத்திருக்கலாம். அல்லது அதன் புரதம் ஒயினின் ருசிப் பொருள்களைப் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்று கருதப்பட்டது. டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குகிறதே, ஏறக்குறைய அதே சமாச்சாரம்.

ஆகவே, கடைக்காரர் சீஸ் தட்டை நீட்டினால், முதல் மடக்கை வெறும் வாயில் குடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் தட்டில் கை வைக்கலாம்.

பூசணத்துக்குப் பூசணம்

அப்படியானால் ஜோடி சேர்ப்பதெல்லாம் வீண் வேலையா? அதுவும் இல்லை.

பிரான்சின் ரோக்போர் சீஸ் நீலப் பூசணம் பிடித்தது, உப்போ உப்பு. துவர்ப்பான சிவப்பு ஒயினோடு சேர்த்தால் கசப்பு தட்டும். அதற்குத் தோதான ஜோடி சோத்தேர்ன் என்ற தித்திப்பான வெள்ளை ஒயின். உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும். இங்கிலாந்தில் ஸ்டில்டன் சீஸுக்கு போர்ட் ஒயின் வைப்பதும் இதே கணக்கில்தான்.

வேடிக்கை என்னவென்றால், சோத்தேர்னுக்கான திராட்சையும் பூசணம் பிடித்ததே! பூசணம் சாற்றை வற்ற வைத்து இனிப்பை ஏற்றிவிடுகிறது. பதமான பழமாகப் பார்த்து, ஒரே தோட்டத்தில் பல தடவை நடந்து பறிக்கிறார்கள். சாறும் கொஞ்சம்தான் தேறும். விலை உதைப்பது அதனால்தான்.